மயக்கிப் பல் எடுக்கலாமா? புதுக்குடியிருப்பு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 41. கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப்பல் முரசுக்குள்ளேயே சரிந்து கிடக்கிறது, வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று பல் வைத்தியர் சொல்லிவிட்டார். இரண்டு தடவை கதிரையில் இருந்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். மெசின் சத்தமும் முகத்தை மூடித் துணி போடுவதும் என்னால் தாங்க ஏலாது. 2009இற்குப் பிறகு இருட்டும் இரைச்சலும் சேர்ந்தால் எனக்கு நெஞ்சு இடிக்கும், கை கால் விறைக்கும். மாமி தன்னுடைய நித்திரைக் குளிசையில் இரண்டைப் போட்டுக்கொண்டு போ என்கிறா. முழுதாக மயக்கி எடுக்க ஏலாதா? மயக்கினால் எழும்பாமல் போய்விடுவேனோ என்றும் பயம். பிரஷருக்கு லோசாட்டன் 50 மி.கி. எடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு இவர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமியின் குளிசை. தயவுசெய்து அதைத் தொடவேண்டாம். நித்திரைக் குளிசை என்ற பெயரில் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் டயசிபாம் போன்ற ஒன்றாகவோ வேறு மனநல மருந்தாகவோ இருக்கும். எது, எத்தனை மி.கி. என்று மாமிக்கே தெரிந்திருக்காது. டயசிபாமையே எடுத்துக்கொண்டாலும், மருந்தும் அதிலிருந்து உடலில் உண்டாகும் பொருட்களும் பாதியாகக் குறைய ஒரு நாள் முதல் சில நாட்கள் வரை செல்லும். மாமிக்கு அது பழகிப்போன மருந்து. உங்களுக்குப் புதிது. நீங்கள் அதைப் போட்டதை வாய்திறந்து சொல்லாமல் கதிரையில் இருக்க, வைத்தியர் தன் கணக்குக்கு இன்னொரு மருந்தை நரம்பில், அதாவது கையிலுள்ள இரத்தக் குழாயில், ஏற்றினால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமர்த்தும். பல் சத்திரசிகிச்சையில் மயக்கத்தால் வரும் ஆபத்துகளில் அதிகம் பயப்படவேண்டியது இதற்குத்தான். இதயம் நிற்பதற்கு முன் மூச்சுத்தான் குறையும். யாரும் கவனியாமல் இருந்தால் அது சத்தமில்லாமல் குறையும்.

அடுத்தது உங்கள் பயம். ஷெல் சத்தத்துக்கும் பதுங்குகுழி இருட்டுக்கும் பழகிய உடம்பு, முகத்தில் துணியைப் போட்டுக் காதடியில் இரைச்சலை எழுப்பினால் அப்படித்தான் துள்ளும். வன்னியில் இருந்து வரும் பலருக்கு இது உண்டு. வெளியில் சொல்பவர்கள்தான் குறைவு. கதிரையை விட்டு எழும்பியதற்காக வெட்கப்படவேண்டாம். ஆனால் எழும்பியதற்கான காரணத்தை வைத்தியருக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், அதை இந்த முறை சொல்லியே ஆகவேண்டும். அவருக்குத் தெரிந்தால்தான் ஏற்பாடு செய்யலாம்.

மயக்கம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை விளங்கிக்கொண்டால் மிச்சம் இலகு. பயத்தைக் குறைக்கும் மருந்து வேறு, வலியை மறிக்கும் மருந்து வேறு. வலியை மறிப்பது முரசில் போடும் விறைப்பு ஊசிதான். பொதுவாக 2 சதவீத லிக்னோகெயினுடன் 80,000இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்தது. 1.8 மி.லீ. குழாய் ஒன்றில் 36 மி.கி. லிக்னோகெயின் இருக்கும். கீழ்த்தாடைக்கு, நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் இடத்தில், வாயின் பின்பக்கம் ஊசி போடவேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கீழ் உதட்டின் அந்தப் பாதியும் நாக்கின் பக்கமும் தடித்துப்போகும். உதடு தடிக்கவில்லை என்றால் ஊசி சரியான இடத்தில் விழவில்லை என்று எடுக்கலாம். உதடு தடித்தும் முரசு கூசினால், கன்னப்பக்க நரம்புக்குத் தனியாக இன்னொரு சிறு ஊசி தேவைப்படலாம். பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்தால் அந்த இடம் அமிலத்தன்மையாக இருக்கும். விறைப்பு மருந்து அங்கே நரம்புக்குள் இறங்கக் கஷ்டப்படும். அதனால்தான் வீங்கிய நேரத்தில் "விறைக்கவேயில்லை" என்று பலர் சொல்கிறார்கள்.

இங்கேதான் பிழை நடக்கும். விறைப்புப் போதாமல் அரை மயக்கத்தில் இருப்பவர் முனகுவார், தலையைத் திருப்புவார், கையைத் தட்டிவிடுவார். அதைப் பார்த்து "இன்னும் மயக்கம் காணாது" என்று மயக்க மருந்தைக் கூட்டினால், வலி அப்படியே இருக்க மூச்சுக் குறையும். அந்த நேரம் செய்யவேண்டியது நிறுத்தி, விறைப்பு ஊசியை மீண்டும் போட்டு, காத்திருப்பது. விசயம் தெரிந்த வைத்தியர் இதைத்தான் செய்வார். நீங்கள் மனதில் வைத்திருக்கவேண்டியது: அரை மயக்கத்திலும் அமத்தும் உணர்வு, அதிர்வு, சத்தம் தெரியும். கூர்மையாகக் குத்தும் வலி தெரியக்கூடாது. தெரிந்தால் கையைத் தூக்கலாம், தூக்கவும் வேண்டும்.

இப்போது வழிகள். வைத்தியரே எழுதிக்கொடுக்கும் குளிசை ஒன்று. டயசிபாம் 5 மி.கி. முதல் நாள் இரவும், வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பும் கொடுப்பது பழைய முறை. கொஞ்சம் பயப்படுபவர்களுக்கு உதவும். குறை என்னவென்றால் வயிற்றிலிருந்து எப்போது, எவ்வளவு ஏறும் என்று சொல்லமுடியாது. ஒருவருக்குக் கண் சொருகும், இன்னொருவருக்கு ஒன்றுமே செய்யாது, அடுத்தவருக்கு வீடு போன பிறகுதான் பிடிக்கும். இரண்டு தடவை எழும்பிவந்த உங்களுக்கு இது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூக்கில் சிறு முகமூடி வைத்து நைத்திரசு ஒட்சைட்டை, அதாவது சிரிப்பு வாயுவை, ஒட்சிசனுடன் கலந்து கொடுப்பது இன்னொன்று. 1844ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் அந்த வாயுவை இழுத்துத் தன் பல்லையே எடுப்பித்தார். இன்று 30 முதல் 50 சதவீதம் வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். ஒட்சிசன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி இயந்திரமே தடுக்கும். முடிவில் சில நிமிடம் தனி ஒட்சிசன் கொடுத்தால் தெளிந்துவிடும். நல்ல முறைதான். ஆனால் எல்லா இடத்திலும் இந்த வசதி இராது. மூக்கடைப்பு இருந்தால் வேலை செய்யாது. முகத்தில் எதையும் வைப்பதே உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் இதிலும் நான் உங்களைத் தள்ளமாட்டேன்.

மூன்றாவது, நரம்பில் ஏற்றும் அரை மயக்கம். உங்களுக்கு முதலில் கேட்கச்சொல்வது இதைத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருந்து மிடசோலம். புறங்கையில் அல்லது முழங்கை மடிப்பில் சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் போடுவார்கள். ஊசிக்கே பயம் என்றால் ஒரு மணி நேரம் முன்பு தோலில் பூசும் மரக்கச் செய்யும் கிறீம் இருக்கிறது, கேளுங்கள். உங்கள் வயதில், பெரிய வருத்தம் இல்லாதவருக்கு, வழமையாக 2 மி.கி. அளவை மெதுவாக ஏற்றி, இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்து, பிறகு 1 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகக் கூட்டிக்கூட்டிக் கொடுப்பார்கள். பெரும்பாலானோருக்கு மொத்தம் 5 மி.கி.க்குள் போதும். வயதானவர்களுக்கு ஆரம்பமே 0.5 முதல் 1 மி.கி.தான். எங்கே நிறுத்துவது? பேச்சு மந்தமாகி, தோள்கள் தளர்ந்து, கேட்ட கேள்விக்கு ஒரு கணம் பிந்திப் பதில் வரும் இடத்தில். "வாயைத் திறவுங்கோ" என்றால் நீங்கள் திறக்கவேண்டும். கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அது அரை மயக்கத்தைத் தாண்டிவிட்டது.

வாய்க்குள் வேலை செய்யும்போது இந்த எல்லை ஏன் அவ்வளவு முக்கியம்? எலும்பை அரையும்போது சூடேறாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீரும் இரத்தமும் பல் துண்டும் போகக்கூடிய இடம் தொண்டை. மூச்சுப் போகும் வழியும் அதுவே. இருமவும் விழுங்கவும் உங்களுக்கு உணர்வு இருக்கவேண்டும். முழு மயக்கத்தில் இந்த உணர்வு இல்லாதபடியால்தான் மூக்கு வழியாகக் குழாய் விட்டு மூச்சுக்குழாயைக் காப்பாற்றுகிறார்கள். குழாயும் இல்லை, இருமலும் இல்லை என்ற இடைநிலைதான் கூடாதது.

மருந்துத் தட்டில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு, இது வைத்தியர்களுக்கும் தாதிகளுக்கும் நன்றாகத் தெரிந்த ஆபத்து. மிடசோலம் இரண்டு வலுவில் வருகிறது: 5 மி.லீ.யில் 5 மி.கி. இருப்பது ஒன்று, 3 மி.லீ.யில் 15 மி.கி. இருப்பது மற்றது. கண்ணாடிக் குப்பிகள் இரண்டும் சிறியவை. முதலாவதில் 2 மி.லீ. என்றால் 2 மி.கி. இரண்டாவதில் அதே 2 மி.லீ. 10 மி.கி. ஆகிவிடும். ஆகவேதான் ஒழுங்கான இடங்களில் ஒருவர் குப்பியை வாசிக்க மற்றவர் சரிபார்த்து, ஊசிக்குழலில் பெயரும் அளவும் எழுதி ஒட்டுவார்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு. மயக்கம் கொடுத்த பிறகு என் மூச்சைப் பார்க்க, பல் எடுப்பவரைவிட இன்னொருவர் இருப்பாரா? விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இருக்கிறதா? ஒட்சிசன் கொடுக்கும் வசதி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா? மிடசோலத்தை முறிக்கும் ஃபுளூமசெனில் இருக்கிறதா? ஒன்றுக்காவது "இல்லை" என்று பதில் வந்தால் அங்கே நரம்பில் மயக்கம் வேண்டாம். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கவேண்டாம். நல்ல வைத்தியர் சந்தோசமாகப் பதில் சொல்வார். ஃபுளூமசெனில் இருந்தாலும் அது முறிக்கும் நேரம் மிடசோலம் நிற்கும் நேரத்தைவிடக் குறைவு. அதைக் கொடுத்து எழுப்பியவரை உடனே வீட்டுக்கு அனுப்பினால் வழியில் மறுபடி கண் சொருகும். இரண்டாவது ஆள் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இந்த மருந்தில் சிலருக்கு நடக்காதது நடந்ததுபோலத் தோன்றும். பெண் தாதி ஒருவர் கடைசிவரை அறையில் நிற்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

"எழும்பாமல் போவேனோ" என்று கேட்டிருந்தீர்கள். மானியில் ஒட்சிசன் அளவு வழமையாக 97, 98 என்று நிற்கும். 94இற்குக் கீழே இறங்கத் தொடங்கினாலே மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வார்கள், தாடையை முன்னுக்குத் தூக்குவார்கள், ஒட்சிசன் கொடுப்பார்கள். அநேகமாக அதோடு சரியாகிவிடும். ஒருவர் இதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் அறையில், அளவறிந்து சிறிது சிறிதாகக் கொடுக்கும் மருந்தில், உங்களைப் போன்ற ஒருவர் எழும்பாமல் போவது மிக மிக அரிது. பயப்படவேண்டியது ஆளும் கருவியும் இல்லாத அறைக்கு.

நான்காவது முழு மயக்கம். பல் ஆழத்தில் குறுக்கே கிடந்தால், வேலை நீளும் என்றால், வாய் திறக்க முடியாதபடி இறுகியிருந்தால், அல்லது நரம்பில் கொடுத்துப் பார்த்தும் உங்களால் இருக்க முடியாமல் போனால் இதற்குப் போகலாம். மிடசோலம் நன்றாக வேலை செய்யும் நேரம் அரை மணி, முக்கால் மணிதான். முழு மயக்கத்தை மயக்க மருந்து நிபுணர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கொடுப்பார். இரத்தப் பரிசோதனை, தேவையென்றால் ஈசீஜீ, கிளினிக், திகதி என்று நாள் எடுக்கும். பல் வைத்தியரிடம் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. கடிதத்தில் "இரண்டு தடவை விறைப்பு ஊசியுடன் முயன்றும் பயத்தால் முடியவில்லை, போர்க்கால அனுபவம் காரணம், குருதியமுக்கத்துக்கு லோசாட்டன்" என்று எழுதித்தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இருந்தால் அங்கேயும் முதலில் இருந்து தொடங்கவேண்டியிராது.

உங்கள் பிரஷர் குளிசை விசயம். அரை மயக்கத்துக்கு வழமைபோல ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கச் சொல்வார்கள். முழு மயக்கம் என்றால் லோசாட்டனை அன்று காலை விடச்சொல்லும் நிபுணர்கள் பலர், மயக்கத்தில் பிரஷர் அதிகம் இறங்கிவிடும் என்பதற்காக. நீங்களாக முடிவெடுக்காமல் கிளினிக்கில் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பயத்தில் ஆஸ்பத்திரியில் பிரஷர் ஏறிக்காட்டும். 180இற்கு 110 என்றால் வேலையைத் தள்ளிப்போடுவார்கள். முதல் ஒரு கிழமை வீட்டுக்குக் கிட்ட உள்ள இடத்தில் பார்த்து எழுதிய அளவுகளைக் கொண்டுபோனால் அது உங்களுக்குச் சாட்சி. வேறு எந்த மருந்தையும் மறைக்கவேண்டாம். பல் வீக்கத்துக்கு எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அவை மிடசோலம் உடலை விட்டுப் போவதைத் தாமதிக்கும். முட்டு வருத்தம், பலத்த குறட்டை, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், மயக்கத்தில் குடும்பத்தில் யாருக்காவது நடந்த பிரச்சினை, எல்லாம் சொல்லவேண்டியவை.

சாப்பாடு: அந்தந்த ஆஸ்பத்திரி சொல்வதைக் கேளுங்கள். பொதுவான கணக்கு, சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த தண்ணிக்கு இரண்டு மணி நேரம். காலை 9 மணிக்கு வேலை என்றால் முதல் நாள் இராச்சாப்பாட்டோடு நிறுத்துங்கள். 7 மணி வரை தண்ணீர் அல்லது பால் விடாத தேத்தண்ணி குடிக்கலாம். பால் தேத்தண்ணியும் கஞ்சியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். "ஒரு துண்டு பாண்தானே" என்று தின்றுவிட்டு மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அரை மயக்கத்தில் சத்தி வந்து நுரையீரலுக்குள் போனால் அது உயிர்ப் பிரச்சினை. தின்றிருந்தால் சொல்லுங்கள், திகதி மாறினாலும் பரவாயில்லை. நகப்பூச்சு பூசியிருந்தால் ஒரு விரலிலாவது அழித்துவிடுங்கள், மானி சரியாகப் படிக்க.

மோட்டார் சைக்கிளை மறந்துவிடுங்கள். போகும்போது பின்னால் இருந்து போகலாம், வரும்போது ஏலாது. மருந்தில் கண் தானாகச் சொருகும், பிடி தளரும். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பின்னிருக்கையில் இருந்து விழுந்தால் பல் பெரிய விசயமாக இராது. ஓட்டோவோ வானோ பிடியுங்கள், உங்களைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்க ஒரு பெரிய ஆள் வரட்டும். பஸ்ஸும் வேண்டாம். வாகன வசதி இல்லையென்றால் அன்றிரவு வாட்டில் வைத்திருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசி மருந்து போட்டு ஒரு மணி நேரமாவது கழிந்து, நேராக நடந்து காட்டிய பிறகுதான் விடுவார்கள். அடுத்த 24 மணி நேரத்துக்கு அடுப்படி, கிணற்றடி, தண்ணீர் இறைக்கும் மெசின், வாகனம், கடன் பத்திரத்தில் கையெழுத்து, எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளையைத் தனியே உங்களிடம் விட்டுப்போகவும் கூடாது. மிடசோலம் அந்த நேரத்து நினைவை அழித்துவிடும். வைத்தியர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இராது. கூடவந்தவர் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.

துணிக்கும் சத்தத்துக்கும் மருந்தில்லாமலே செய்யக்கூடியவை பல. கண்ணையும் மூக்கையும் மூடாமல், வாயைச் சுற்றி மட்டும் வெட்டிய துணி போடச் சொல்லலாம். வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. கதிரையை முழுதாகச் சாய்க்காமல் அரைவாசியில் வைக்கலாம். மெசினைப் போடுமுன் "இப்ப சத்தம் வரும், எண்ணிப் பத்துக்குள் நிப்பாட்டுவன்" என்று சொல்லச் சொல்லுங்கள். எப்போது நிற்கும் என்று தெரிந்தால் உடம்பு அவ்வளவு இறுகாது. இடது கையைத் தூக்கினால் எல்லாம் நிற்கும் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். வேலை இல்லாத ஒரு நாள் போய், கதிரையில் இருந்து, மெசினை வாய்க்கு வெளியே ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள். சிலருக்கு இது குளிசையைவிட உதவும். சிலருக்கு மயக்கம் ஏறி உணர்வு தளரும் அந்தக் கணமே பழைய பயத்தைக் கிளப்பும். அப்படி நடந்தால் உடனே சொல்லுங்கள், மெதுவாக்குவார்கள். பல்லுக்கு அப்பாலும், இரவில் திடுக்கிட்டு எழும்புவது, நித்திரையின்மை இருந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒருமுறை பேசுங்கள். அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு: கடித்த பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள், இடையிடையே எடுத்துப் பார்க்கவேண்டாம். முதல் நாள் கொப்பளிக்கவேண்டாம். அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர். வெற்றிலை, புகையிலை ஒரு கிழமைக்காவது வேண்டாம். மூன்றாம் நான்காம் நாளில் வலி குறையாமல் கூடி, காதுவரை இழுத்து, வாயும் மணக்கத் தொடங்கினால் குழியில் இரத்தக்கட்டி போய்விட்டது என்று எடுக்கலாம், போய்க் காட்டுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் 500 மி.கி. இரண்டு, ஆறு மணிக்கொரு தரம், ஒரு நாளில் எட்டுக்கு மேல் இல்லை. இபுபுரூபன் நல்ல மருந்துதான், ஆனால் லோசாட்டன் எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் இருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வைத்தியர் சொன்னால் மட்டும் எடுங்கள், பாமசியில் நீங்களாக வாங்கவேண்டாம்.

கரையும் நூல் என்றால் தானாக விழும், பட்டு நூல் என்றால் ஏழாம் நாள் வெட்டவேண்டும். எது போட்டார்கள் என்று கேட்டு வையுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்போ பின்போ, தாடைக்குக் கீழே கழுத்துப்பக்கம் வீங்கி, விழுங்கக் கஷ்டமாகி, காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்கவேண்டாம். இரவானாலும் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டமென்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.